பஞ்சு இருந்த விரதம்

உன் கடிதம் வந்தது. நலமா என்று கேட்கப்போவதில்லை, கல்யாணம் நிச்சயமான பிள்ளை நலமாகத்தான் இருப்பான். தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய், சரி. விழுப்புரத்தில் தனி வீடு பார்க்காமல் இங்கே திண்டிவனத்தில் எங்களோடேயே இருந்துகொண்டு, நீயும் கலைச்செல்வியும் காலைப் பாசஞ்சரில் ஆபீசுக்குப் போய்வரப்போவதாக எழுதியிருக்கிறாய், அதுவும் சரி. அந்த வரியை உன் அப்பா மூக்குக் கண்ணாடி போட்டிருந்தும் என்னை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். காதால் கேட்க ஆசை போலிருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. "மீன், கறி எல்லாவற்றையும் விட்டுவிட முடியுமா என்று கலைச்செல்வியிடம் கேட்டேன், உடனே சரி என்று ஒத்துக்கொண்டாள், அதனால் நீங்கள் இரண்டு பேரும் எதற்கும் கவலைப்பட வேண்டாம்" என்று. எனக்குக் கவலை வந்ததே அந்த வரியைப் படித்த பிறகுதான். இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரிக்குத்தான் பதில். கொஞ்சம் நீளமாகப் போகும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, மூன்று நிமிஷம் ஆனதும் அடுத்தவர் பேச்சின் நடுவே புகுந்து டைம் ஆகிவிட்டது என்று சொல்லியே காலம் தள்ளியவள் நான். கடிதத்தில் அப்படிக் குறுக்கே வர யாருமில்லை.

அவள் பொம்மையார்பாளையத்தில் பிறந்தவள், அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், நாம் முட்டையைக்கூட வாசப்படி தாண்ட விடாத ஜைன வீடு. இதெல்லாம் தெரிந்துதான் சம்மதம் சொன்னோம். உன் அப்பா ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார், பிறகு பேசினார், அது முடிந்த கதை. அதைக் கிளற இதை எழுதவில்லை. பஞ்சுவைப் பற்றி எழுதப்போகிறேன். எந்தப் பஞ்சு என்று நீ கேட்க மாட்டாய். ஆனால் பஞ்சுவின் கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதி நடந்தபோது நீ மெட்ராசில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது பூனையைக் காணோமே என்று கேட்டாய். வெயில் தாங்கவில்லை, கொஞ்ச நாள் கோட்டக்குப்பத்தில் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம் என்று உன் அப்பா சொன்னார். அது பொய். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் சொன்ன பொய்யாக இருந்தும் நீ நம்பிவிட்டாய்.

நீ ஹாஸ்டலுக்குப் போன வருஷம் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. உன் அப்பா மல்லாட்டை மண்டியில் கடலை நிறுக்கப் போய்விடுவார். டியூட்டி இல்லாத நாளில் நான் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் என்னோடு வேலை பார்த்தவள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோட்டக்குப்பம் போனேன். அங்கே பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து வீட்டு நடையில் ஒரு பூனை படுத்திருந்ததைப் பார்த்தேன். வெள்ளை, கழுத்தைச் சுற்றி விசிறி மாதிரி முடி, தட்டை மூஞ்சி, உலகத்தில் யார் வந்தாலும் எனக்கென்ன என்ற பார்வை. அந்த அலட்சியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பையனுக்காகப் பூனை வாங்கினாள் என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உனக்காக இல்லை, எனக்காகத்தான் வாங்கினேன்.

அந்த வீட்டுக்காரர் ஹமீதா அக்கா. உனக்கு அவரைத் தெரியும், ஆனால் அவர் பூனை வளர்க்கிற விதம் தெரியாது. புதுச்சேரியை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக் குடும்பம் அவர் மாமியாரிடம் கொடுத்துப் போன ஜோடியிலிருந்து வந்த வம்சம் அது. எந்தக் குட்டிக்கு யார் அம்மா, யார் பாட்டி என்று நம் பெரியப்பா உறவுமுறை சொல்வதுபோல் தடுமாறாமல் சொல்வார். ஒரே ரத்தத்தில் சேர்க்கக் கூடாது என்று மெட்ராசிலிருந்து ஆண் பூனை வரவழைப்பார். ஒரு பூனைக்கு வருஷத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் விட மாட்டார். குட்டிக்கு மூன்று மாசம் நிறைந்து, ஊசி போட்டு, தானாகச் சாப்பிடப் பழகிய பிறகுதான் வெளியே அனுப்புவார். கடைக்காரனுக்குக் கொடுக்க மாட்டார். அழகுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று வந்தால் அழகுக்குக் கண்ணாடி பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நானும் உன் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனபோது, போனதும் குட்டியை மடியில் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

உட்கார வைத்தார், டீ கொடுத்தார், பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், தெருவில் நாய் உண்டா, கிணற்றுக்கு மூடி உண்டா, தினமும் யார் முடி சீவுவார்கள். நான் எல்லாவற்றுக்கும் பரீட்சை எழுதுகிற மாதிரி பதில் சொன்னேன். கடைசியில் கேட்டார்.

"வூட்ல இன்னா ஆக்குவீங்க? மீனா, கறியா?"

"நாங்க ஜைனருங்க அக்கா. முட்டைகூட உள்ள வராது."

"அப்ப தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு டீ குடிச்சிட்டுப் போங்க. குட்டி குடுக்கறதுக்கில்ல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் இரண்டு மாடு கறக்கிறது, பால் ஊற்றுவேன், நெய்ச்சோறு போடுவேன், எங்கள் வீட்டில் எறும்பைக்கூட மிதிக்க மாட்டோம் என்று சொன்னேன். எறும்பு வளர்க்க யாரும் கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தார்.

"மாட்டுக்கு வைக்கோலு போடறீங்க. நமக்குச் சோறுதான் புடிக்கும்னு மாட்டுக்குச் சோறு ஆக்கிப் போடறீங்களா? அது அது தின்றத அது அதுக்குப் போடணும். பால் ஊத்துனா இதுக்கு வவுறு போவும். விரதம் நீங்க எடுத்ததும்மா. பூனை எடுக்கலியே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "பொண்ணு கேட்டுக்கினு போன மாதிரி இல்ல இருக்குது. ஜாதகம் ஒண்ணுதான் கேக்கல அந்தம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுக்கப்பட்டதில் பாதிக் கோபம், சொன்னது சரியாக இருந்ததில் மீதிக் கோபம். ஒரு வாரம் முறைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் அப்பாதான் வழி கண்டுபிடித்தார். மரக்காணத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து பின்தெருவில் மீன் விற்கும் அஞ்சலையைப் பிடித்தார். அவள் தன் வீட்டிலேயே சின்ன மீனை உப்புப் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்து, கொல்லைப்புறத்தில் பூனைத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். நம் கை படாது, நம் அடுப்பு படாது, பூனையும் பட்டினி கிடக்காது. தராசு பிடித்த கை என்பதால் இரண்டு பக்கமும் சரியாக நிற்கும்படி செய்துவிட்டார்.

ஹமீதா அக்கா அரை மனதாகத் தலையாட்டி, நேரில் வந்து வீட்டைப் பார்த்தார். கிணற்று மூடியைத் தூக்கிப் பார்த்தார், கொல்லைக் கதவின் இடுக்கைப் பார்த்தார், வெயில் காலத்தில் பூனை எங்கே படுக்கும் என்று கேட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உன்னை நான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அந்தக் கட்டடத்தை இவ்வளவு பார்க்கவில்லை. பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். தினமும் சீவ வேண்டும். சிக்கு விழுந்தால் விரலால் பிரிக்க வேண்டும், கத்தரி வைக்கக் கூடாது. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டையடிக்கக் கூடாது. குட்டி போட வைத்து விற்கக் கூடாது. கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்து வரலன்னா எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்துடுங்க. தெருவுல உடாதீங்க, வேற யாருக்கும் குடுக்காதீங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஆனா நான் எப்ப வேணா சொல்லாம வந்து பாப்பேன்."

பஞ்சு வந்த கதை உனக்குத் தெரியும். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பாதான் சீப்பைக் கையில் எடுத்தார். மண்டியிலிருந்து வந்து, குளித்து, விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டு முடித்து, பூனையை மடியில் போட்டுக்கொண்டு சீவ ஆரம்பிப்பார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் தலையில் ஒரு பூ கோணலாக இருந்தால்கூடக் கவனிக்காத மனுஷன், பூனையின் காதுக்குப் பின்னால் விழுந்த சிக்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரிப்பார்.

ஆவணியில் பத்து நாள் தசலட்சண விரதம் வந்தது. வீடே ஒருவேளைச் சாப்பாட்டில் இருக்கும்போது கொல்லையில் மீன் வாடை வரலாமா என்று உன் அப்பாவுக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது. அந்தப் பத்து நாளைக்கு மட்டும் வர வேண்டாம் என்று அஞ்சலையிடம் சொன்னோம். பஞ்சுவுக்குத் தயிர்சோறு பிசைந்து வைத்தேன். முதல் இரண்டு நாள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிறகு சாப்பிட்டது. கத்தவில்லை, ரகளை செய்யவில்லை, தட்டை நக்கி வைத்துவிட்டு மூலையில் போய்ப் படுத்தது. அதைப் பார்த்து உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம வூட்டு அன்னம் அதுங் குணத்தயே மாத்திடுச்சு பாத்தியா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. விரதம் முடிந்த பிறகு அஞ்சலையை வரச் சொல்ல இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. தானாகவே விட்டுவிட்டதை நாம் ஏன் மறுபடி பழக்க வேண்டும்?

செய்தி பரவிவிட்டது. மெட்ராசிலிருந்து மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் போகிற சொந்தக்காரர்கள் எல்லாம் வழியில் திண்டிவனத்தில் இறங்கி நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். நம்மைப் பார்க்க இல்லை, தயிர்சோறு தின்னும் பூனையைப் பார்க்க. உன் பெரியப்பா அதற்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, "போன ஜென்மத்துல இது நம்ம ஜனம்டா, ஏதோ கொஞ்சம் கணக்கு பாக்கி, பூனையாப் பொறந்துடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். தீபாவளி லீவுக்கு வந்த நீயும் உன் சிநேகிதர்களைக் கூட்டிவந்து காட்டினாய். யாராவது வந்தால் நான் உடனே தயிர்சோற்றைப் பிசைந்து வைப்பேன். அது எழுந்து வந்து சாப்பிடும். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

நீளமான முடியுள்ள பூனையிடம் ஒரு சங்கடம் இருக்கிறது. உள்ளே உடம்பு இளைத்தால் வெளியே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அதே பந்து, அதே வெள்ளை. ஆட்டம் குறைந்தது, சாந்தம் வந்துவிட்டது என்றோம். சாயங்காலத்தில் தொட்டி மேல் தாவுவதை நிறுத்தியது, பெரியமனுஷி ஆகிவிட்டாள் என்றோம். சீப்பில் முடி கொத்தாக வந்தது, பருவம் மாறுகிறது என்றோம். தினமும் சீவுகிற உன் அப்பாவின் கைக்கு மட்டும் முதுகெலும்பு தட்டுப்பட்டிருக்கிறது. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. ஊரே மெச்சுகிற ஒரு விஷயத்தைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

மாசி மாதத்தில் ஒருநாள் ஹமீதா அக்கா சொல்லாமல் வந்தார். செஞ்சியில் ஏதோ உறவுக்காரர் கல்யாணம், வழியில் இறங்கினேன் என்றார். வாசலில் நின்றபடியே கூப்பிட்டார். குரலைக் கேட்டு உள்ளேயிருந்து வேகமாக வந்த பஞ்சு நாற்காலிக் காலில் நேராக முட்டிக்கொண்டது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து, அதை மடியில் எடுத்து, விரல்களை முடிக்குள்ளே விட்டு முதுகோடு மெல்ல ஓட்டினார்.

"மீன் எப்ப நிறுத்துனீங்க?"

உன் அப்பாதான் பதில் சொன்னார். "நாங்க நிறுத்தலீங்க. அதுவே உட்டுடுச்சு. தயிர்சோறு வச்சா தின்னுது. ஒருநாளு கத்துனதில்ல, வேணும்னு கேட்டதில்ல. நீங்களே பாருங்க, எவ்ளோ அடக்கமா இருக்குது."

"பக்கத்துல வேற இன்னா வச்சிருந்தீங்க?"

"வேற ஒண்ணும் வெக்கலீங்க."

"வேற ஒண்ணும் வெக்காம, அதுவே தின்னுச்சு, அதுவே உட்டுடுச்சுன்னா? அது எங்க தின்னுச்சு. பசி தின்னுச்சுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நாங்களும் ஏதாவது பேசியிருப்போம். கூடத்தில் இருந்த என் காய்கறிக் கூடையைக் கொட்டிக் காலி செய்து, தன் பையிலிருந்த துண்டை மடித்து உள்ளே விரித்து, பூனையை வைத்தார். "திருப்பிக் குடுத்தா ஏன்னு கேக்க மாட்டேன்னு சொன்னேன். நீங்களா குடுக்கல, அதான் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, செஞ்சிக் கல்யாணத்துக்குப் போகாமல் புதுச்சேரி பஸ் ஏறிவிட்டார். உன் அப்பா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் அழுதேன். பூனை போனதற்காக மட்டும் இல்லை. இத்தனை நாள் நான் பிசைந்து வைத்த ஒவ்வொரு கவளத்தையும் அன்பு என்று நினைத்தேனே, அதற்காக.

புதுச்சேரியில் மாட்டு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். மாமிசத்தில் மட்டும் இருக்கிற ஏதோ ஒரு சத்து இல்லாமல் கண் மங்கிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நெஞ்சும் பழுதாகியிருக்கும் என்றாராம். இதை எக்ஸ்சேஞ்சுக்கே போன் போட்டு ஹமீதா அக்கா சொன்னார். அந்த ஒரு போன்காலில் மட்டும் டைம் ஆயிற்று என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கோட்டக்குப்பம் போனோம். உன் அப்பா சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார், சீவிவிட்டு வருவார். முதல் தடவை போனபோது ஹமீதா அக்கா எங்கள் எதிரிலேயே அதற்கு மீன் வைத்தார். எழுந்து போகலாமா என்று இருந்தது, போகவில்லை, பார்த்தேன். பஞ்சு சாப்பிடும்போது தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது, முணுமுணுவென்று, தனக்குத்தானே கதை சொல்லிக்கொள்வதுபோல். தயிர்சோற்றை அது ஒரு சத்தமும் இல்லாமல்தான் சாப்பிட்டது. அந்த மௌனத்தைத்தான் அடக்கம் என்று ஊரைக் கூட்டிக் காட்டினோம்.

வெயில் காலம் போனதும் ஹமீதா அக்காவிடம் பஞ்சுவை மறுபடி கேட்டேன். கொடுப்பார் என்ற நம்பிக்கை இல்லை. "யாரு மீன் வேக வெப்பா?" என்றார். அஞ்சலை என்றேன். "அஞ்சலை வேணாம். நீங்க வெப்பீங்களா? அடுத்தவ கையால போட்டா ஒருநாளு நிறுத்தறது ஈஸி. உங்க கையால ஆக்குங்க, அப்புறம் நிறுத்தத் தோணாது" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. மீனைக் கொன்றது நான் இல்லை, கொல்லாமல் தடுக்கவும் என்னால் ஆகாது. பூனையைப் பூனையாகப் படைத்ததும் நான் இல்லை. ஆனால் அதை அதன் வீட்டிலிருந்து நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். பாவம் என்று ஒன்று வந்தால் எனக்கு வரட்டும், அதற்குப் பசி வரக் கூடாது. சரி என்றேன்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். நெளிந்த அலுமினியச் சட்டி ஒன்று. முதல் நாள் மீன் வெந்த வாடையில் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன், தலைக்குக் குளித்தேன், பிறகுதான் சமையலறைக்குள் போனேன். உன் அப்பா கொட்டகைக்கு அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, "வெந்துடுச்சா, ஜல்தி ஆவட்டும்" என்று குரல் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் வாந்தி நின்றது. ஒரு வருஷத்தில், மீன் பழசா புதுசா என்று செவுளைத் தூக்கிப் பார்த்து அஞ்சலையோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறினேன். நான் அதில் ஒரு துணுக்கு வாயில் வைத்ததில்லை, அந்தச் சட்டி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. என் விரதம் எனக்கு அப்படியே இருக்கிறது. சொந்தக்காரர்கள் வருவது நின்றுபோயிற்று. பெரியப்பா மட்டும், கணக்கு இன்னும் பாக்கி இருக்கும் போலிருக்கிறது என்று சொன்னார். உனக்கும்கூட, அது கொஞ்சம் மீன் சேர்த்துக்கொள்கிறது என்று மட்டும் மேலோட்டமாகச் சொல்லி வைத்தோம்.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். பெண்ணைப் பூனையோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று நினைக்காதே. கலைச்செல்வி படித்தவள், சம்பாதிக்கிறவள், வாய் இருக்கிறவள். அவளை நான் எதோடும் ஒப்பிடவில்லை. உன்னைத்தான் எங்களோடு ஒப்பிடுகிறேன். நீ கேட்டாய், அவள் உடனே சரி என்றாள் என்கிறாய். பக்கத்தில் வேறு என்ன வைத்துக் கேட்டாய்? ஒரு தட்டில் இந்தக் கல்யாணம், இந்த வீடு, நீ. இன்னொரு தட்டில் ஒன்றுமே இல்லை. அப்படி வைத்துக் கேட்டால் யாராக இருந்தாலும் முதல் தட்டைத்தான் எடுப்பார்கள். அதைச் சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டாய். நாளைக்கு அவள் நம் வீட்டில் சாம்பாரும் கூட்டும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவாள், நாங்களும் சொந்தக்காரர்களை வரவழைத்து, கடல்காரர் வீட்டுப் பெண் எப்படி மாறிவிட்டாள் பார்த்தீர்களா என்று காட்டுவோம். அந்தப் பெருமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது ரொம்ப இனிமையாக இருக்கும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஆகவே அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள். நம் சமையலறைக்குள் மீன் வராது, அதில் உன் அப்பாவும் விட்டுக்கொடுக்க மாட்டார், நானும் மாட்டேன், அது எங்கள் விரதம், அதை அவளிடம் ஒளிக்காமல் சொல். ஆனால் கொல்லையில் அடுப்பு இருக்கிறது. அங்கே அவள் என்ன வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், சுளித்தால் அந்த முகம் பெரியப்பாவுடையதாக மட்டும் இருக்கும். நாங்கள் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுவிடுகிறோம் என்பதற்காக, சாயங்கால ரயிலில் இருட்டிய பிறகு வந்து இறங்குகிற பெண் பசியோடு படுக்க வேண்டாம். நீ அவளோடு உட்கார்ந்திரு, அவள் தட்டில் இருப்பது உன் தட்டில் இருக்க வேண்டியதில்லை. இதெல்லாம் பக்கத்திலேயே இருக்க, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று ஒருநாள் அவளே விட்டால், அது அவள் எடுத்த விரதம். அதற்கு நான் கும்பிடு போடுவேன். அதுவரைக்கும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, நீயும்தான்.

அவள் அம்மாவிடமும் ஒன்று சொல்லிவிடு. பொம்மையார்பாளையத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ் இருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வரலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் நாங்கள் பலகாரம் செய்து வைத்து நல்லவர்களாக இருப்போம். சொல்லாமல் வந்தால்தான் மகள் எப்படி இருக்கிறாள் என்று தெரியும். முதுகில் கை வைத்துப் பார்க்கட்டும். எங்களுக்குக் கோபம் வராது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பஞ்சு உன் அப்பாவின் மடியில்தான் கிடக்கிறது. வயசாகிவிட்டது, இருட்டில் இன்னமும் கொஞ்சம் தடுமாறும், அது போனது போனதுதான். ஆனால் சாப்பிடும்போது அந்த முணுமுணுப்பு இருக்கிறது. எழுதியதை எல்லாம் உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சீவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த அடுப்புக்கு மேல ஓடு போட்டுடணும், மழையில அந்தப் பொண்ணு நனைஞ்சிக்கினு நிக்கும்" என்றார். நாளைக்குக் கொத்தனாரைப் பார்க்கப் போகிறாராம். நானும் சந்தையில் ஒரு பெரிய மண்சட்டி வாங்கி வைத்திருக்கிறேன், அலுமினியச் சட்டி பூனைக்குத்தான் போதும்.

கலைச்செல்வியிடம் இனி நீ கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கேட்டு உடனே எழுது. அவளுக்கு எந்த மீன் பிடிக்கும்? அஞ்சலையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.